பௌர்ணமியன்று அதிர்ந்த வண்டி

"ஆமா சார்... அதிருது."

இந்த மூன்று சொற்களைக் கேட்க நான் ஏழு மாதம் காத்திருந்தேன். கடந்த செவ்வாய்க்கிழமை, ஆவணிப் பௌர்ணமி, காலை பதினொன்று பத்துக்குக் கேட்டேன். சொன்னவர் வேங்கிக்கால் பக்கம் இருக்கும் ஒரு வண்டி ஷோரூமின் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் மூர்த்தி. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை விவரிக்கலாம்... வேண்டாம். அது மொத்தம் பதினைந்து நிமிடம்தான் இருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் தங்கை தேவகி கீழ்பென்னாத்தூரில் கப் தயிர் போடுகிறாள். சுற்று வட்டாரத்தில் பால் வாங்கி, காய்ச்சி, சின்னச் சின்ன பிளாஸ்டிக் கப்புகளில் ஊற்றி, உறையிட்டு மூடி வைத்தால் விடியும்போது கல் மாதிரி நிற்கும். கப்பைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது. அப்படிக் கவிழ்த்துக் காட்டித்தான் அவள் ஒவ்வொரு வாடிக்கையையும் பிடித்தாள். செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கம், நான்கு கஃபே, இரண்டு கெஸ்ட் ஹவுஸ். ஆறு இடங்களிலும் காலை ஏழு மணிக்குத் தயிர் இறங்கிவிட வேண்டும். கொண்டு போய் இறக்குவது அவள் கணவர், என் மாப்பிள்ளை ஏழுமலை.

நான்கு வருடம் வாடகை லோடு ஆட்டோவில் ஓட்டினார்கள். இந்தத் தை மாதம்தான் சொந்தமாக ஒரு புது பிக்கப் வாங்கினோம். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர். நான் வேங்கிக்காலில் இருக்கிறேன், ஷோரூம் பக்கம். அதனால் வண்டி ஓட்டுவது அவர், வண்டிக்காகச் சண்டை போடுவது நான் என்று வேலை தானாகவே பிரிந்துவிட்டது.

வண்டி வந்த முதல் வாரமே ஏழுமலை போன் செய்தார்.

"மச்சான், ஐம்பதைத் தாண்டினா வண்டி உதறுது."

"புது வண்டி, மாப்ள. அப்படித்தான் இருக்கும்."

"தயிர் உடைஞ்சிடுச்சு மச்சான்."

அதற்கு மேல் நான் என்ன சொல்வது?

அடுத்த ஞாயிறு நானே கூட உட்கார்ந்து போய்ப் பார்த்தேன். ஐம்பது வரைக்கும் சாது. ஐம்பத்தைந்தில் ஸ்டியரிங் துடிக்கிறது. அறுபதில் பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரிகிறது. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி முதுகெலும்பு வழியாக ஏறித் தாடையில் வந்து நிற்கிறது. வீட்டுக்கு வந்து ஒரு கப்பைத் திறந்தால்... மேலே பச்சைத் தண்ணீர், கீழே திட்டுத் திட்டாக வெள்ளை.

மெதுவாகப் போகலாமே என்பீர்கள். போனார். நாற்பதிலேயே உருட்டிக்கொண்டு போனால் ஏழு மணி இறக்கம் எட்டு மணி ஆகிறது. காலைச் சிற்றுண்டிக்குத் தயிர் கேட்கிறவனிடம் எட்டு மணிக்கு எதைக் கொடுப்பது?

என் டைரியில் இந்த வண்டிக்கென்று தனிப் பக்கங்கள் ஒதுக்கினேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

மாசி முதல் புதன்கிழமை, முதல் விஜயம். சர்வீஸ் அட்வைசர் நிவேதா. சிரித்த முகம், கையில் டேப்லெட். வீல் பேலன்சிங் செய்தார்கள். மூர்த்தி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, வேலூர் ரோட்டில் டெஸ்ட் டிரைவ். ஐம்பது, அறுபது, எழுபது. வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி போனது. ஒரு துடிப்பு இல்லை. 'குறை கண்டறியப்படவில்லை' என்று ஜாப் கார்டில் எழுதினார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் போன்.

"மச்சான், ஆரம்பிச்சிடுச்சு."

மாசிக் கடைசி வெள்ளி, இரண்டாவது விஜயம். அலைன்மென்ட். அதே வேலூர் ரோடு, அதே வெண்ணெய். மறுநாள் காலை தயிர் உடைந்தது. பங்குனியில் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டார்கள். சித்திரையில் எஞ்சினுக்கு அடியில் தாங்கும் ரப்பரை மாற்றினார்கள். வைகாசியில், "ரெண்டு நாள் அப்சர்வேஷன்ல வெச்சிருக்கோம் சார்" என்று வண்டியை வைத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு நாளும் தேவகி வாடகை ஆட்டோவில் தயிர் அனுப்பினாள். ஒரு கப் உடையவில்லை.

டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் நின்று போகும் பல்வலி கேள்விப்பட்டிருக்கிறோம். அப்படி ஒரு வண்டியைக் கேள்விப்பட்டதுண்டா?

"ரோடு சரியில்ல சார்" என்றார் நிவேதா.

"அதே ரோட்டில் வாடகை ஆட்டோ போகுதேம்மா?"

"ஆட்டோ ஸ்லோவா போவும் சார்."

"சரி, பஸ் போகுது. பஸ்ஸில் யாருக்கும் தாடை ஆடவில்லையே?"

"அப்ப டிரைவர் ஓட்டற விதம் சார். கிளட்ச் மேலயே கால் வெச்சிருப்பாங்க. சார், ஃபீட்பேக் கால் வந்தா மட்டும் பத்துக்குப் பத்து சொல்லிடுங்க சார். ஒன்பது சொன்னா எங்களுக்கு ஃபெயில்."

ஏழுமலை பக்கத்தில்தான் நின்றிருந்தார். இருபது வருடமாக ஸ்டியரிங் பிடித்தவர். ஓட்டுகிற விதம் என்று சொன்னால் சீறுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், பெரிய மனது என்று நினைத்தேன். டைரியில் எழுதியும் வைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. எதைச் சொன்னாலும், "எழுத்துல குடுங்க." ரோடு சரியில்லையா? எழுத்துல குடுங்க. டிரைவர் சரியில்லையா? எழுத்துல குடுங்க. கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கு மூன்று பக்கம் கடிதம் போட்டேன். கிழமை, நேரம், வேகம், அன்று வெயிலா மழையா என்பது உட்பட. 'ஷோரூமிலிருந்து கிளம்பும்போது அதிர்வு இல்லை. கீழ்பென்னாத்தூர் சேர்வதற்குள் அதிர்வு திரும்பிவிடுகிறது' என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதினேன். உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது. அதே ஷோரூமை அணுகச் சொல்லியிருந்தார்கள்.

ஆனியிலும் ஆடியிலும் ஒவ்வொரு முறை போனோம், அதே வெண்ணெய். இதற்கிடையில் இரண்டு இடம் போய்விட்டது. ஆனி மாதம் ஒரு கெஸ்ட் ஹவுஸ் பாக்கெட் தயிருக்கு மாறியது. ஆடியில் ஒரு கஃபே. அந்தக் கஃபே நடத்தும் அம்மா தேவகிக்கு நான்கு வருடப் பழக்கம். கப்பைத் திறந்து காட்டி, "தேவகி, இது தயிரா மோரா? நீயே ஒரு பேரு வெச்சுக் குடு, மெனுவுல போட்டுக்கறேன்" என்றாராம். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தேவகி சிரிக்கவில்லை. மீதி நான்கு இடத்திலும் முகம் மாற ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் உறையிடுவதை நிறுத்திவிட்டுப் பாலாகவே டிப்போவில் ஊற்ற வேண்டியதுதான் என்று அவள் சொன்ன அன்று... நான் எட்டாவது முறை ஷோரூமுக்குப் போன் செய்தேன்.

இந்த முறை ஒரு யுக்தி. பௌர்ணமியன்று வருகிறேன் என்றேன்.

எங்கள் ஊரில் பௌர்ணமியன்று எவனும் வண்டியை சர்வீஸுக்கு விட மாட்டான். கிரிவலக் கூட்டம், தடுப்பு, திருப்பிவிடல் என்று ஊரே வேறு மாதிரி ஆகிவிடும். ஒர்க்‌ஷாப் காலியாக இருக்கும். மூர்த்திக்கு அவசரம் இருக்காது. நிதானமாகப் பார்ப்பார் என்பது கணக்கு.

ஏழுமலைக்கு இது பிடிக்கவில்லை.

"பௌர்ணமில வேணாம் மச்சான். ஜாஸ்தி கூட்டம். டவுனுக்குள்ளயே விட மாட்டான்."

"டவுனுக்குள் எதுக்கு வரணும்? பைபாஸைப் பிடிச்சு நேரா வேங்கிக்கால் வந்துடுங்க."

"இல்ல மச்சான்... டவுன்ல கொஞ்சம் வேலை இருக்குது."

"அதை வரும்போது பாத்துக்கலாம், மாப்ள."

செவ்வாய் காலை ஒன்பதுக்கு வரவேண்டியவர் பத்தே முக்காலுக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டவுன் நுழைவிலேயே தடுப்பு போட்டுவிட்டார்களாம். ஒரு போலீஸ்காரரிடம் கெஞ்சினாராம், இன்னொருவரிடம் கெஞ்சினாராம். கடைசியில் பைபாஸில் திருப்பிவிட்டார்களாம். ஷோரூமுக்கு வர டவுனே தேவையில்லாத மனிதர் டவுனுக்குள் போக எதற்கு இரண்டு போலீஸ்காரரிடம் கெஞ்ச வேண்டும்? இதை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தாமதமான நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

மூர்த்தி வண்டியை எடுத்தார். நான் ஏறினேன். ஏழுமலை, "நான் இங்கயே இருக்கறேன்" என்றார்.

வேலூர் ரோடு. நாற்பது. ஐம்பது. ஐம்பத்தைந்தில் ஸ்டியரிங் துடித்தது. அறுபதில் கண்ணாடியில் பின்னால் வந்த லாரி இரண்டானது. மூர்த்தி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா சார்... அதிருது."

ஏழு மாதம். அந்தச் சாலையிலேயே இறங்கி அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். திரும்பி வந்ததும் நிவேதாவிடம் போய், "பாத்தீங்களா? டிரைவர் மூர்த்திதான். அவரும் கிளட்ச் மேல கால் வெச்சிருந்தாரா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

வண்டியை லிஃப்டில் ஏற்றினார்கள். மூர்த்தி அடியில் போய் டார்ச் அடித்தார். அப்புறம் டார்ச்சை அணைத்தார். அப்புறம் மறுபடி போட்டார்.

"சார், கொஞ்சம் வாங்க."

பின் சக்கரத்துக்கு மேலே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள் அல்லவா, சுமை தாங்குவதற்கு? அதில் கம்பெனி வைத்த பட்டைகள் கறுப்பு. அடியில் இருந்த இரண்டு மட்டும் பிரவுன் நிறம்.

"இது எங்க பட்டை இல்ல சார். இந்த ரெண்டும் வெளியில போட்டது. அந்தப் பக்கமும் ரெண்டு."

நான் திரும்பிப் பார்த்தேன். ஏழுமலை மறுபடியும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள?"

"எல்லாரும் போடறது தானே மச்சான்."

இதுதான் விஷயம். எங்கள் பக்கத்தில் புது பிக்கப் எடுத்தால் கோயிலுக்குப் போகிறார்களோ இல்லையோ, பட்டைக் கடைக்குப் போவார்கள். செங்கல், நெல், கடலை மூட்டை என்று அளவுக்கு மேல் ஏற்றுவதற்கு எக்ஸ்ட்ரா பட்டை. ஏழுமலையும் டெலிவரி எடுத்த அன்றே, வீட்டுக்குப் போகும் வழியில், டவுனில் ஒரு பாயின் பட்டைக் கடையில் போட்டுக்கொண்டார். சீசனில் கடலை மூட்டை ஏற்றலாம் என்று ஆசை. 'ஷோரூம் போறதா இருந்தா இங்க வந்து கழட்டிட்டுப் போ, பாத்தா வாரண்டி போயிடும்' என்று பாய் நல்லெண்ணத்தோடு சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கழற்றியிருக்கிறார்! ஏழு முறை. ஒவ்வொரு முறையும் ஷோரூமுக்கு வரும் வழியில் கடையில் நிறுத்திப் பட்டையைக் கழற்றிவிட்டு, டவுன் நெரிசலில் உருட்டிக்கொண்டே வந்து வண்டியை விட்டிருக்கிறார். நாங்கள் வேலூர் ரோட்டில் வெண்ணெயாக ஓட்டிப் பார்க்க, ஷோரூம்காரர்கள் குறையில்லை என்று எழுதித் தந்ததும், திரும்பும் வழியில் அதே கடையில் பட்டையை மாட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறார். பட்டை இல்லாமல் அந்த மனிதர் ஒரு நாளும் ஐம்பதைத் தொட்டதே இல்லை. தொட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

"மத்தவங்க வண்டி எதுவும் ஆடலையே மச்சான். பட்டைனு எனக்கு எப்படித் தோணும்?"

மூர்த்திதான் விளக்கினார். "பட்டை போட்டா பின்னாடி தூக்கிக்கும்ணா. எஞ்சின்லருந்து பின் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் கோணையா சுத்தும். மத்தவங்க ரெண்டு டன்னு ஏத்தறாங்க, அமுங்கி நேராயிடுது. நீங்க ஏத்தறது தயிரு. அது எங்க அமுக்கும்?"

"சரி, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றேன் ஏழுமலையிடம்.

"நீங்க டைரில எழுதிடுவீங்க மச்சான்."



கோபத்தை யார் மேலாவது இறக்க வேண்டுமே. மூர்த்தி பக்கம் திரும்பினேன். "ஏழு முறை இதே லிஃப்டில் ஏத்தினீங்க. அடியில படுத்தீங்க. புது வண்டியில பட்டையைப் பிடிக்கிற போல்ட்டு மட்டும் பளபளனு ஸ்பானர் தழும்போட இருக்கறது கண்ணுல படலையா?"

"பட்டுது சார்."

"அப்புறம்?"

"ஜாப் கார்டுல 'அதிர்வு'னு தான் சார் இருந்துது. போல்ட்டைப் பத்தி யாரும் கம்ப்ளெயின்ட் குடுக்கலையே."

நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சொல்லுங்கள், இந்த இருவரில் யாரை முதலில் திட்டுவது? மறைத்தவரையா, பார்த்தும் கேட்காதவரையா? மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார் — மூன்று பக்கக் கடிதம் எழுதியவர்.

நிவேதா டேப்லெட்டோடு வந்தார். சிரிப்பு கொஞ்சம் கம்மியாக இருந்தது.

"சார், வெளிப் பட்டைனு ரெக்கார்ட் பண்ணினா பின்பக்கத்துக்கும் ஷாஃப்ட்டுக்கும் வாரண்டி போயிடும் சார். எஞ்சினுக்கு இருக்கும்." குரலைத் தாழ்த்தினார். "இல்லேன்னா எப்பவும் போல 'குறை இல்லை'னு போட்டுடலாம். பட்டையை நாங்களே கழட்டிக் குடுத்துடறோம். எழுதட்டுமா சார், வேணாமா?"

ஏழு மாதமாக எழுத்துல குடுங்க, எழுத்துல குடுங்க என்று அந்தப் பெண்ணின் உயிரை எடுத்தவன் நான். ஏழுமலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பொய் சொல்லக் கூச்சம் என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். ஏழு கார்டில் குறை இல்லை என்று எழுதியிருப்பதைக் குறை குறை என்று உலகத்துக்கே சொன்னவன், எட்டாவதில் குறையைக் கண்ட பிறகு, இல்லை என்று எழுதச் சொல்வதா? அதைவிட வாரண்டி போகலாம்.

"எழுதுங்கம்மா" என்றேன்.

ஏழுமலை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நிவேதா எழுதினார். கையெழுத்துப் போட்டேன். ஃபீட்பேக் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாயங்காலம் போன் வந்தபோது பத்துக்குப் பத்து கொடுத்தேன். வேறு எதை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பது?

பட்டையைக் கழற்றினார்கள். வேலூர் ரோட்டில் இந்த முறை ஏழுமலையே ஓட்டினார். எழுபது. ஸ்டியரிங் துடிக்கவில்லை. திரும்பி வரும்போது, "ஏழு மாசம் மச்சான்" என்றார்.

புதன்கிழமை விடியற்காலை நானும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வண்டியில் வந்தேன். நான்கு இடத்தில் இறக்கினோம். ஒரு கப் உடையவில்லை. ஐந்தாவதாக, மோருக்குப் பெயர் கேட்ட அம்மாவின் கஃபேயிலும் நிறுத்தினோம். ஏழுமலை ஒரு கப்பைத் திறந்து அவர் மேஜை மேலேயே கவிழ்த்துப் பிடித்தார். தயிர் விழவில்லை. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் போடுங்க, பாக்கறேன்" என்றார். கெஸ்ட் ஹவுஸ்காரர் மட்டும் பாக்கெட் தயிரே சௌகரியமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஆறு இனி ஐந்துதான்.

திரும்பிப் போய் தேவகியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். பட்டை, ஷாஃப்ட், கோணல் எல்லாம். நான் சொல்லச் சொல்ல ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டே போனார். அவள் காலி கிரேட்டுகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"வண்டி பின்னாடி தூக்கியிருந்துதுனு இப்பதான் தெரியுமா உங்களுக்கு?"

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெனம் நாப்பது கிரேட்டு தூக்கி வெக்கறவளுக்குத் தெரியாதா? ஷோரூம்ல பாத்தப்ப இடுப்பளவு இருந்துது. வீட்டுக்கு வந்தா நாலு விரல் ஜாஸ்தி. தோள்பட்டை போச்சு எனக்கு."

"ஏன் சொல்லல தேவகி?"

"உங்கிட்டதானே சொன்னேன்ண்ணா, மாசி மாசம். வண்டி ஒசரமாயிடுச்சு, எட்டலைனு. நீ சரி சரின்னு எழுதிக்கூட வெச்சுக்கினே."

அப்படியா? நான் குறித்ததில் ஒரு வரி தவறியிருக்காது. வேங்கிக்கால் வந்து டைரியைப் புரட்டினேன். இருந்தது. மாசி இரண்டாம் திங்கள்: 'தேவகிக்கு ஏறி நிற்க ஒரு மரப்பலகை — வாங்கிக் கொடுத்தாயிற்று.'

வண்டிப் பக்கத்தில் அல்ல. வீட்டுச் சாமான் பக்கத்தில்.